எட்டாவது வகுப்பு

ஒரு விஷயம் ஏன் என்று புரியாவிட்டால் ஜெபமலருக்குச் சோறு இறங்காது. பேசத் தாமதமாகும் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுப்பது அவள் படிப்பு. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நான்கு வருஷம் வேலை பார்த்தாள். சிவகிரியிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் விடியற்காலையில் பஸ் ஏறி வரும் பிள்ளைகள், அவள் முன்னால் வந்து உட்காரும்போது தூங்கி வழியும். பேச்சு போன் வழியாகப் போகிறதே, பேச்சுப் பயிற்சி போகாதா என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது. கல்யாணமாகித் தென்காசிக்கு வந்ததும் மாடி அறையில் லேப்டாப்பை வைத்து, ஆன்லைனில் பேச்சுப் பயிற்சி என்று ஆரம்பித்துவிட்டாள்.

"ஏட்டி, நேர்ல நின்னாலே பேசாத பிள்ளை போன்ல எப்படிப் பேசும்?" என்றான் புருஷன் தேவா. செல்போன் கடை வைத்திருப்பவன். போனைப் பற்றித் தனக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்று நினைப்பு.

"தெரியல. அதத்தான் பாக்கப்போறேன்."

முதல் ஆள் அவன் கடைக்கே வந்தாள். கடையநல்லூர் ஹாஜரா, உடைந்த போனைச் சரிசெய்ய வந்தவள். மகள் ஷிஃபாவுக்கு மூன்றரை வயது. காது பரிசோதித்தாயிற்று, பழுதில்லை. செருப்பை எடு என்றால் எடுத்து வருவாள், விளக்கை அணை என்றால் ஸ்டூல் போட்டு ஏறுவாள். வாயிலிருந்து மட்டும் ஒரு சொல் வராது. அவளுடைய வாப்பா முஃபீத், சவுதியில் தம்மாமில் சூப்பர் மார்க்கெட் ஒன்றில் வேலை பார்ப்பவன், போனிலேயே கெடு வைத்தான்.

"எட்டு கிளாஸ் பாப்போம் டீச்சர். ஒரு வார்த்தையாச்சும் வரலேன்னா, கோவிச்சுக்காதீங்க, திருநெல்வேலிக்கு நேர்ல கூட்டிட்டுப் போயிருவோம்."

நியாயமான பேச்சுதான். ஆனால் முதல் பிள்ளையே இப்படிப் போனால் கடையநல்லூரில் ஒரு தெருவிலும் இரண்டாவது பிள்ளை கிடைக்காது. அதைவிட, அவளுடைய கேள்விக்கு, 'போகாது' என்றே பதிலாகிவிடும். அது அவளுக்குத் தாங்காது.

ஷிஃபாவோ போனைக் கண்டால் பூரித்துப்போகும் பிள்ளை. பொம்மையைத் தூக்கிக் காட்டுவாள். "ஆ, பொம்மை!" என்பாள் ஜெபமலர். செருப்பைக் காட்டுவாள். "செருப்பு! நீலச் செருப்பு!" கரண்டி வரும், சீப்பு வரும். ஜெபமலர் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். சாரல் மழைக் காலமாதலால் நடுநடுவே சிக்னல் போய்ப் படம் உறைந்து நிற்கும். உடனே ஹாஜராவின் குரல் வரும். "ஹலோ, கேக்குதா? டீச்சர், கேக்குதா?" படம் மறுபடி அசையும், ஷிஃபா அடுத்த சாமானோடு தயாராக நிற்பாள். இப்படியே ஆறு வகுப்பு ஓடிப்போயிற்று.

பிள்ளைக்கு எல்லாம் புரிகிறது, ஆசையும் இருக்கிறது. பிறகு ஏன்? தேவா சாப்பிடச் சொன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். "வா, ஐந்தருவிக்குப் போய்த் தலைய நனைச்சிட்டு வருவோம். மண்டையாவது குளிரும்" என்று ஞாயிற்றுக்கிழமை அவன்தான் பைக்கை எடுத்தான்.

அங்கே பழக்கடை முன்னால் ஹாஜராவும் ஷிஃபாவும் நின்றுகொண்டிருந்தார்கள். கூப்பிடப் போன ஜெபமலர் சட்டென்று தேவாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஹாஜராவின் கையில் போன், போனில் முஃபீத். ஷிஃபா ஒரு ரம்புட்டானைத் தூக்கிக் காட்டினாள். அருவி இரைச்சலுக்கு மேலே போன் அலறியது.

"ரம்புட்டானா? சிவப்பு ரம்புட்டான்! வாப்பாவுக்கா?"

ஷிஃபா சிரித்தாள். குடையைத் தொட்டாள். "குடை! மழை பெய்யுதா?" ஒரு குரங்கை நோக்கிக் கை நீட்டினாள். "குரங்கு! பக்கத்துல போவாதம்மா!" பிள்ளை காட்ட வேண்டியதுதான், சொல்ல ஆள் தம்மாமில் தயாராக இருந்தான். பார்த்துக்கொண்டே நின்ற ஜெபமலருக்கு வெட்கமாகிவிட்டது. ஆறு வகுப்பாக அவளும் அதையேதான் செய்திருக்கிறாள்! மதுரையில் ஒரு பிள்ளையிடம் கேட்டுவிட்டு அசையாமல் காத்திருக்கத் தெரிந்தவள், திரையில் இரண்டு நொடி சும்மா இருந்தால் லைன் போய்விட்டதோ என்று பயந்து வாயைத் திறந்திருக்கிறாள்.

ஏழாவது வகுப்பில் அவள் பேசாமல் இருந்து பார்த்தாள். ஷிஃபா கரண்டியைக் காட்டினாள், கொஞ்ச நேரம் பார்த்தாள், எழுந்து பூனையோடு விளையாடப் போய்விட்டாள். டீச்சர் பேசாவிட்டால் அவளுக்கு என்ன நஷ்டம்? பேசாவிட்டால் ஷிஃபாவுக்குப் பொறுக்காது என்கிற ஆள் ஒருவர்தான் இருந்தார், அவளுடைய வாப்பா.

முஃபீதைக் கூப்பிட்டாள். "அண்ணே, கடைசி வகுப்புக்கு நீங்களும் வரணும். பிள்ளை எதக் காட்டுனாலும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

முஃபீத் மெதுவாகச் சொன்னான். "எனக்குக் கிடைக்கதே இருவது நிமிஷம் டீச்சர். அவ பிறந்ததுலேருந்து அவள நான் தூக்குனது நாப்பது நாளு. போன்ல பேசுறது மட்டுந்தான் நான் அவளுக்குச் செய்யிதது. அதையும் நிறுத்தச் சொல்லுதீங்க."

"தெரியும் அண்ணே. ஒரே ஒரு நாள்" என்றாள் ஜெபமலர்.

எட்டாவது வகுப்பு. திரையில் மூன்று கட்டம். முஃபீதைப் பேசாதே என்றுதான் சொன்னாள், அவனோ பயத்தில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவன் மாதிரி கண்ணைக்கூடச் சிமிட்டாமல் இருந்தான். ஹாஜரா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஷிஃபா ஒரு மங்குஸ்தானைக் காட்டினாள். வாப்பா பேசவில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோய்த் திரையில் இடித்தாள். பேசவில்லை. பழத்தைக் கீழே வைத்துவிட்டு நீலச் செருப்பைக் காட்டினாள். அப்போதும் இல்லை. உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள், போனைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள். ஜெபமலர் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். இருபது. முப்பது. வாய் துறுதுறுத்தது. கையால் உதட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஷிஃபா வாப்பாவின் முகத்தை விரலால் தட்டினாள். பிறகு, படம் உறைந்து நிற்கும்போதெல்லாம் அந்த வீட்டில் என்ன செய்வார்களோ அதைச் செய்தாள். ஹாஜராவின் அதே ராகத்தில், அதே எரிச்சலோடு, போனுக்கு மிகக் கிட்டே வாயை வைத்துக் கேட்டாள்.

"அலோ. கேக்குதா?"

ஹாஜரா அழுதுவிட்டாள். முஃபீதின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, ஆனால் கொடுத்த வாக்குக்கு உதட்டை இறுக்கிக்கொண்டு டீச்சர் கட்டத்தையே பார்த்தான். அவனைப் பேசச் சொல்ல வேண்டும் என்பதே ஜெபமலருக்கு மறந்துபோயிருந்தது. ஷிஃபாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"வாப்பா! கேக்குதா?"

"சொல்லுங்க அண்ணே! பதில் சொல்லுங்க!" என்று ஜெபமலர் கத்தினாள்.

"கேக்குதும்மா" என்றான் முஃபீத். "நல்லா கேக்குது."

ஷிஃபா சமாதானமாகி, கீழே கிடந்த மங்குஸ்தானை எடுத்து மறுபடி காட்டினாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாயை மூடியபடி காத்திருந்தான்.