சாய்த்து எழுதிய வாரம்

"இன்னும் சாய்ச்சு எழுதுலே. இதைப் பாத்தா உனக்க எழுத்துன்னு சந்தையில மீன் விக்கிறவளுக்கும் தெரியும்."

"இதுக்கு மேல சாய்ச்சா படுத்துரும் அக்கா."

"படுக்கட்டு. வேலை கிடைச்ச பொறவு நிமித்திக்கலாம்."

அக்கா புஷ்பபாய் சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் என் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை நெய்யாற்றின்கரையில் கிருஷ்ணன்குட்டி வக்கீலுக்கு முன்னால் நான் நிற்க வேண்டும். அவருக்கு ஒரு குமஸ்தா தேவை. வெள்ளறடை, பாறசாலைப் பக்கத்துக் கட்சிக்காரர்களின் மனுவைத் தமிழில் தெளிவாக எழுத வேண்டும். என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்று ஹெட்மாஸ்டர்தான் அவரிடம் சொல்லியிருந்தார்.

அந்தக் கையெழுத்துதான் தொல்லை. இரண்டு மாதம் முன்பு எங்கள் ஊர்ப் போராட்டக்காரர் செல்லசாமி அண்ணன் கேட்டதற்காக, எங்கள் தாலுகா தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று பழைய செய்தித்தாள்களில் சலவை நீலம் தொட்டு முப்பது நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன். அதை ஒட்டி நடந்த கூட்டத்தில் தடியடி நடந்து அண்ணனுக்குக் கை ஒடிந்தது. வக்கீலோ, தாலுகா மலையாளத்தாரோடே இருக்க வேண்டும் என்ற எதிர்ப்பக்கத்தின் பெரிய ஆள். அதனால்தான் ஒரு வாரமாக எழுத்தைச் சாய்த்துப் பழகினேன். இந்த வேலை கிடைக்காவிட்டால், மாமாவோடு பீருமேட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

நான் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் வேலை கேட்டுப் போகிறவன் கிழிந்த கோட்டோடு பனியில் நடப்பான். கண்ணைப் பார்த்தே அவன் நல்லவன் என்று முதலாளி கண்டுகொள்வார். நான் பஸ்ஸில் யாருடைய மரச்சீனிக் கிழங்குச் சாக்குக்கோ இடம் விட்டு ஒற்றைக் காலில் நின்றேன். இறங்கும்போது சட்டையின் மடிப்பெல்லாம் போயிருந்தது.

வக்கீல் என் கண்ணைப் பார்க்கவே இல்லை. காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு வேலித் தகராறைச் சொல்லத் தொடங்கினார். நான் சாய்த்து எழுதினேன். விரல் வியர்த்து மை பரவியது.

எடுத்துப் பார்த்தார். "இதென்ன, கோழி கிளறினதா? ஹெட்மாஸ்டர் சொன்ன பையன் நீதானா?"

"நான்தான் சார்."

"எந்தா பேரு?"

"சுந்தரதாஸ்."

"சுந்தரதாஸே, பேடிக்க வேண்டாம், பயப்படாதே. இன்னொரு தடவை எழுது. இதுவும் இப்படின்னா வேற ஆளு வெளிய இருக்கு."

வாசல் பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் புதுச் செருப்பைக் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தான். பீருமேடு நினைவுக்கு வந்தது. என் எழுத்து தானாக நிமிர்ந்தது. நாலு வரி எழுதிவிட்டுத்தான் என்ன செய்தேன் என்று உணர்ந்தேன்.

வக்கீல் அந்த வரிகளைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, மடித்த செய்தித்தாள் ஒன்றை எடுத்து என் காகிதத்தின் பக்கத்தில் விரித்தார். மூலையில் பசை காய்ந்திருந்தது. நீல எழுத்து.

நான் எழுந்துவிட்டேன்.

"இரி, இரி. எங்கே ஓடுதே?" அவர் சிரித்தார். "பாறசாலை சந்தையில மருமகன் கிழிச்சு எடுத்தது. விஷயம் எனக்குப் பிடிக்கல்ல. ஆனா எழுத்தைப் பாத்து நானே ரெண்டு தடவை வாசிச்சாச்சு. வேலை உனக்காக்கும். திங்கட்கிழமை வா."

நன்றி என்று சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

"பின்னே ஒரு காரியம்," என்றார் குரலைத் தாழ்த்தி. "ஞாயிற்றுக்கிழமை பாறசாலையில எங்களுக்க கூட்டம் உண்டு. இந்தத் தாலுகா எங்கேயும் போகாதுன்னு சொல்ல. உங்க ஆளுகளும் நின்னு வாசிக்கணும்."

மேஜையைச் சுற்றி வந்து, ஒரு பழைய செய்தித்தாளை எடுத்து என் முன்னால் விரித்தார். தூரிகையை அவரே மையில் தொட்டு என் பக்கம் நீட்டினார்.

"தமிழ்ல, மக்கா. இதே எழுத்துல. ஒரு நோட்டீஸ் மட்டும் இப்ப எழுதித் தா."