மடுவில் மிதந்த மீன்

ஓடை பூராவும் வறண்டு கெடந்த கோடையில அந்த ஒரு மடுவுலதான் தண்ணி நின்னுச்சு. மனுசங்க நாங்க மணல்ல ஊத்துத் தோண்டிக் குடிச்சுக்குவோம். ஆடு மாடு, கொக்கு, ஆமை அத்தனைக்கும் அந்த மடுவுதான் கதி. அதுலதான் கொண்டுபோயிக் கொட்டுனானுங்க குப்பையை.

ஜப்பான்காரன் சண்டை நடந்துட்டிருந்த காலம். சீமையில இருந்து ஜவ்வரிசிக் கப்பல் வாரதில்லைன்னு சேலத்து ஆளுங்க எங்க ஊரோரமா ஜவ்வரிசி மில்லு போட்டாங்க. குச்சிக்கெழங்கை, அதான் மரவள்ளியை, உரிச்சு, அரைச்சு, மாவெடுத்து, உருட்டி வறுக்கோணும். உரிச்ச தோலை என்ன பண்றது? இருக்கவே இருக்குது ஓடை. வண்டி வண்டியாக் கொண்டாந்து கரை மேல இருந்து சரிச்சு உட்டாங்க. கேட்டா, மழை வந்தா அடிச்சுட்டுப் போயிருமாமா. மழை எங்க பேஞ்சுது, இவனுங்க தலையிலயா?

எனக்கு அப்பத் தோலைப் பத்தியெல்லாம் ரோசனை இல்லைங்க. என் தங்கச்சி சௌந்திரம் புள்ளையப் பெத்துப் போட்டுட்டுக் கண்ணை மூடிட்டா. கொழந்தை என் கைக்கு வந்துருச்சு. எருமைப் பாலு, மாட்டுப் பாலு எதைக் குடுத்தாலும் கக்கிரும். எங்க செவலை வெள்ளாட்டுப் பாலு ஒண்ணுதான் அது வவுத்துல நின்னுச்சு. ஊருக்குள்ள கறவை ஆடு வேற கெடையாது, பஞ்சத்துல எல்லாரும் வித்துத் தின்னாச்சு. அந்த ஆடு இருந்தாத்தான் புள்ளை இருக்கும்.

ஒருநாள் காலையில மடுவுல மீனு மெதக்குதுன்னு ஊரே ஓடுச்சு. கெண்டையும் கெளுத்தியும் வவுத்தைக் காட்டிட்டு மெதந்துச்சு. எங்க பக்கம் மடுவு சுண்டுனாக் காரைக்காயை இடிச்சுத் தண்ணியில கலக்குவோம். மீனு கெறங்கி மேல வரும், கூடையில அள்ளிக்குவோம். அந்தத் தண்ணியைக் குடிச்ச ஆடு மாட்டுக்கு ஒண்ணும் ஆனதில்லை. அதனால யாருக்கும் பயமில்லை. எவனோ நமக்குச் சொல்லாமக் காயைப் போட்டுட்டான்னு சண்டைதான் போட்டாங்க.

மீனு புடிக்கறதுல ஊருக்கே பெரிய கை ஆண்டியண்ணன். அவரு தண்ணியைத் தொட்டு மோந்து பாத்தாரு. "காரைதான் சாமி. நல்லாவே கலக்கியிருக்கறான்."

"வாசம் வேற மாதிரி இருக்குதுங்களே" ன்னேன்.

"கெழங்குத் தோலு அழுகுன நாத்தம் அது. நீ போயிக் கூடையக் கொண்டா."

கரையில ஒரு கொக்கு மீனை முழுங்கிட்டு நின்னுச்சு. பறக்கப் பாத்து ரெக்கையை விரிச்சுது, அப்படியே குப்புற உழுந்துருச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. "வவுறு முட்டத் தின்னுபோட்டு மப்புல கெடக்குது" ன்னாரு எங்க ஊட்டுக்காரரு பொன்னன். எனக்குச் சிரிப்பு வரலை. காரையில கெறங்குன மீனைத் தின்னு எந்தக் கொக்கும் உழுந்து நான் பாத்ததில்லை. அந்தப் பக்கம் ஒரு ஆமை மல்லாந்து கெடந்துச்சு. அந்தத் தோலுலதான் நஞ்சு இருக்குதுன்னு அப்பத்தான் எனக்கு ரோசனை வந்துச்சு.

"ஆடு எங்கீங்க?"

ஆட்டைப் புடிச்சுட்டு வந்த மனுசன் கையில மீன்கூடைதான் இருந்துச்சு, கவுறு இல்லை. செவலை மடுவோரமா நின்னு, நனைஞ்ச தோலை ஆசை ஆசையாத் தின்னுட்டு, தண்ணியும் குடிச்சுட்டு இருந்துச்சு.

இழுத்துட்டு ஊடு சேர்றதுக்குள்ள ஆட்டுக்குக் காலு பின்னிருச்சு. புளியைக் கரைச்சு ஊத்துனோம், வெளக்கெண்ணெய் ஊத்துனோம். மூச்சு வாங்குச்சு, வாயில நுரை தள்ளுச்சு. உள்ள தொட்டில்ல புள்ளை பசிக்கு அழுவுது.

"இப்பவே கறந்துரு குப்பாயி" ன்னாரு அவரு. தலையை நிமித்தி என்னையப் பாக்கலை.

கறந்தேன். சொம்புல பாலு சூடா இருந்துச்சு. புள்ளைகிட்டக் கொண்டு போனேன், அதுவும் வாயைத் தொறந்துச்சு. குடுக்க முடியலைங்க என்னால. அந்தக் கொக்கு உழுந்ததுதான் கண்ணுக்குள்ள நிக்குது. வாசல்ல கொட்டிட்டேன். உச்சிக்கு முன்னால ஆடு செத்துப் போச்சு.

புள்ளையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு மில்லுக்குப் போனேன். வழியில ஒரு கை மண்ணை அள்ளிக்கிட்டேன். அவனுங்க வாசல்ல வாரித் தூத்தி, வம்சமே வெளங்காமப் போவோணும்னு சாபம் உடறதுக்கு.

மில்லுக் கணக்குப்பிள்ளை கைலாசம் வெளியில வந்தாரு. ஆடு செத்ததையும் புள்ளைக்குப் பாலில்லாமப் போனதையும் சொன்னேன். "உன் ஆட்டை நாங்களா தோலைத் திங்கச் சொன்னோம்? ஓடை சர்க்காருது, உங்கொப்பனூட்டுதா?"

கையை ஓங்குனேன். புள்ளை அதுக்குள்ள அழுவறதையும் நிறுத்திருச்சு. என் சீலைத் தலைப்பை வாயில வெச்சு வெறுமனே சப்புச்சு. அழுவக்கூடச் சத்தில்லை அதுக்கு.

உள்ள கெழங்கு உரிச்சுட்டிருந்த கண்ணாத்தாள் எந்திரிச்சு வந்தா. "ஜவ்வரிசியைத் தண்ணியாக் காச்சி, வடிச்ச கஞ்சியை ஊட்டிப் பாரு அக்கா. என் புள்ளைக்கு வவுத்துல நின்னுச்சு" ன்னா.

ஓங்குன கையில இருந்த மண்ணைக் கீழ உட்டுட்டு, அதே கைல முந்தானையை விரிச்சேன். கைலாசம் ஒரு ஒழக்கு அளந்து போட்டாரு. "தெனமும் சும்மா குடுக்க முடியாது. நாளையில இருந்து வேலைக்கு வா."

அன்னைக்குக் கஞ்சி குடிச்சு, கக்காமத் தூங்குச்சு கொழந்தை. நான்தான் முழிச்சுக் கெடந்தேன். ஓடைப் பக்கம் ஒரு தவளைச் சத்தம்கூட இல்லை.

மறுநாள் கண்ணாத்தாளுக்குப் பக்கத்துல நானும் உக்காந்தேன். பொழுது சாயறதுக்குள்ள நான் உரிச்ச தோலு முழங்கால் ஒசரத்துக்குக் குமிஞ்சிருச்சு. வண்டிக்காரன் வந்து அதை வாரிக்கிட்டு மடுவுக்குத்தான் ஓட்டிட்டுப் போனான்.