பின்கட்டின் திறந்த பக்கம்

பதினேழு மணி நேரம் நாற்பது நிமிடமாகக் கனகேஸ்வரி கண் திறக்கவில்லை. ஆக்சிஜன் முகமூடிக்குள் மெல்லிய ஆவி படிந்து படிந்து மறைந்தது. மகள் குணபூசணி முதல் நாள் நனைந்த உடுப்பு உடம்பிலேயே காய, கட்டிலருகில் நின்றாள்.

ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேதியியல் படித்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. காற்றுப் போதாமல் எரியும் புரோப்பேன் கேஸ் அதைத்தான் கக்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

மனைவியின் முழங்கால் வலிக்குச் சுடுநீர் நல்லதென்று கேள்விப்பட்டு, ரயில்வேயில் ஓய்வுபெற்ற சிவசம்பு பெட்டாலிங் ஜெயா வீட்டுப் பின்கட்டில் ஆள் அமரும் தொட்டி ஒன்றைக் கட்டியிருந்தார். கூரையும், வீட்டுச் சுவர் போக இரண்டு சுவரும் உண்டு. ஒரு பக்கம் முழுக்கத் திறப்பு. தொட்டிக்குப் பக்கத்தில் கேஸ் ஹீட்டர். அதை மாட்டிக் கொடுத்தவர் கேஸ் வேலை செய்யும் அய்யாவு.

ஒன்பது நாள் கனகேஸ்வரி அதில் கால்கூட வைக்கவில்லை. அடுத்த வீட்டு மாடியில் கட்டட வேலை நடந்தது. "அத்தனை ஆம்பிளையளுக்கு முன்னால குறுக்குக்கட்டோட இறங்கச் சொல்லுறியளோ? எனக்கு நொண்டிக் காலே போதும்" என்றாள். பத்தாம் நாள்தான் இறங்கினாள்.

இப்போது அய்யாவு வார்டுக்கு வெளியே ஹெல்மெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். சிவசம்பு அவர்மேல் பாய்ந்தார்.

"என்னத்தை மாட்டினனீ? ஆளைக் கொல்லுற மெசினோ?"

"சார், சோப்பு நுரை தடவிக் குழாய் மூட்டு எல்லாத்தையும் பார்த்தேன். ஒரு குமிழி வரலை. நெருப்பு நல்லா நீலமா எரிஞ்சுச்சு. நீங்களும் பார்த்தீங்கதானே?"

"நீலமும் பச்சையும்! உன்ர முதலாளி தவுக்கேயோட கதைச்சிட்டன். இனிப் போலீசுக்குப் போறன்."

"தவுக்கே காலையிலேயே என் ஸ்பேனர் பெட்டியைத் திருப்பி வாங்கி வச்சிட்டாரு சார். போலீசுக்கும் போனா லைசென்சு போயிரும். அப்புறம் எவன் என்னைக் கூப்பிடுவான்?" அய்யாவு ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். "அந்தப் பக்கம் திறந்திருந்தா விஷ வாயு நிக்காதுலா. அதை மூடவே கூடாதுன்னு உங்க வீட்டுல சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"ஆர் மூடினது? நேற்று நான் வந்து பார்க்கேக்க ஆவென்று திறந்துதான் கிடந்தது. அப்ப பிழை உன்ர மெசினிலதானே?"

சிவசம்பு கார் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கத் தொடங்கினார்.

குணபூசணி வார்டுக் கதவருகே வந்து எல்லாவற்றையும் கேட்டாள். தகப்பன் முன் குரல் உயர்த்தி அவளுக்குப் பழக்கமில்லை. அய்யாவு கதவோரம் வந்து அவளிடம் மெதுவாகக் கேட்டார்: "அம்மாவுக்கு இப்ப எப்படிம்மா இருக்கு? மூச்சு சீரா வருதா?"

தன் வேலையைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"அப்பா!" என்று அவள் கத்தினாள். நடைக்கூடமே திரும்பிப் பார்த்தது. சிவசம்பு படியில் நின்றார்.

"அம்மா வெட்கப்பட்டா எண்டு கன்வஸ் துணி கட்டி அந்தப் பக்கத்தை மூடினது நான். அவ மயங்கினதும் அறுத்தெறிஞ்சு ஒளிச்சதும் நான்தான், அப்பா."