விட்டுப்போன வரி

பிளஸ் டூ முடித்துப் பத்து வருஷமாகிவிட்டதென்று, தொண்ணூற்றைந்தில் சோமனூர்ப் பள்ளியின் பழைய கூட்டாளிகள் ஒன்றுகூட ஏற்பாடு செய்தார்கள். அழைப்பிதழ் கொடுக்கும் வேலை தனபாலின் தலையில் விழுந்தது. பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்து, கோழிகளோடு போட்டி போட்டுக்கொண்டு தானும் கொழுத்திருந்த காளிச்சாமிக்குக் கொடுத்தாயிற்று. பாங்கில் உட்கார்ந்து ஊரையே காக்க வைக்கும் புவனாவுக்கும், வகுப்பில் வாயே திறக்காமல் இருந்துவிட்டு இப்போது வக்கீலாகிவிட்ட சென்னகேசவனுக்கும் கொடுத்தாயிற்று. மிச்சம் ஜபருல்லா மட்டும்தான். அந்த ஒன்றைப் பதினைந்து நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான் தனபால்.

காரணம் இருந்தது. ரிசல்ட் வந்த அன்று அவர்களுக்குக் கிடைத்தது ஒரே பேப்பர். பஸ் ஸ்டாப் பெஞ்சின் மேல் ஏறி நின்று, பாஸான நம்பர்களைப் பெரிய மனுஷத் தோரணையில் உரக்க வாசித்தவன் தனபால். தன் நம்பரைக் கண்ட சந்தோஷத்தில் அடுத்த வரியைத் தாண்டிப் போய்விட்டான். ஜபருல்லாவின் நம்பர் அந்த வரியில் இருந்தது. அவன் பேப்பரை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அன்று சாயந்தரமே மேட்டுப்பாளையத்துக்கு, மாமாவின் உருளைக்கிழங்கு மண்டிக்குப் போய்விட்டான்.

மார்க் ஷீட் வாங்கப் போனபோது, "பாஸ் பண்ணின ஜபருல்லாவைக் காணோமே?" என்று கிளார்க் கேட்டார். தான் ஒரு வரியை விட்டுவிட்டது அப்போதுதான் தனபாலுக்கு உறைத்தது. உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம் போகலாம் என்றிருந்தான். பிறகு தறி வேலை வந்தது, கல்யாணம் வந்தது. நாள் போகப் போகச் சொல்ல நா எழவில்லை.

ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டிக்குப் போய் நின்றான்.

"அட, தனபாலு! வாடா, உக்காரு. டீ குடி."

அழைப்பிதழை எடுப்பதற்கு முன்பே தனபால் கொட்டிவிட்டான். "ஜபரு, நீ பெயிலாகலடா. நாந்தான் ஒரு வரிய உட்டுப்போட்டேன். தெரிஞ்சும் உங்கிட்டச் சொல்லல."

ஜபருல்லா நிதானமாக டீயை ஒரு வாய் குடித்தான். "தெரியும்டா. அடுத்த மாசமே அத்தா மார்க் ஷீட்டக் கொண்டாந்து குடுத்துட்டாரு."

"அப்பறம் ஏன் காலேஜுக்குப் போகல?"

"சேர்ற தேதி போயிருச்சு. அடுத்த வருசம் பாக்கலாம்னாங்க, அதுக்குள்ள எனக்கு மண்டி புடிச்சுப்போச்சு. அதுல வருத்தமில்ல." டம்ளரைக் கீழே வைத்தான். "நீ வந்து சொல்லுவீன்னுதான் பாத்துட்டே இருந்தேன். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுலருந்து இங்க பத்து நிமிசத்துக்கு ஒரு பஸ் வருது. உனக்குப் பத்து வருசமாயிருச்சு."

தனபாலுக்கு அழுகை வந்துவிட்டது. பையிலிருந்த அழைப்பிதழை எடுத்து நீட்டினான். அவன் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் வரை ஜபருல்லா அழைப்பிதழைப் படிப்பது போல் குனிந்திருந்தான். முதல் நிகழ்ச்சி, பழையபடி அட்டெண்டன்ஸ் எடுப்பது.

"இதுல பேரெல்லாம் யாரு வாசிக்கறது?"

"நாந்தான். வேண்டாம், வேற ஆருக்காச்சும் சொல்லிப்போடறேன்."

"நீயே வாசி. நா முன்னால பெஞ்சுலயே உக்காந்துக்கறேன்" என்றான் ஜபருல்லா. "இந்தத் தடவ என்ன உட்றாத."