முகுந்தன் ஊருக்கு வருவானோ

படத்தில் மீனவனாக வருகிற கதாநாயகன் அயன் பண்ணிய சட்டையோடு கடலுக்குப் போவான். வலை நனைந்திருக்காது. திரும்பி வரும்போதும் தலைமயிர் கலையாது. மீனவர் ஊரான வங்காலையில் பிறந்த எனக்கு அந்த இடத்திலேயே படம் முடிந்துவிடும். நாடகங்களில் மாமியார்மார் அட்டியலோடு படுத்து அட்டியலோடு எழும்புவார்கள். கழுத்து நோகாதோ என்று ரீவியைப் பார்த்தே கேட்பேன். பேய்ப்படம் எனக்குச் சிரிப்பு, என் புருஷன் றொகானுக்கு நடுக்கம்.

இவ்வளவு குறை சொல்லுகிறவள் ஏன் பார்க்கிறாய் என்று கேட்டால், றொகான் கட்டாரில் இருக்கிறார், அதுதான் காரணம். இங்கே வலை இழுத்த மனிதர். அங்கே என்ன வேலை என்று கேட்டால் "கம்பனி வேலை" என்பதோடு சரி. முகுந்தன் என்பவன் கதாநாயகனாக வருகிற எட்டரை மணி நாடகத்தை நான் இங்கேயும் அவர் அங்கே தன் அறையிலும் இருந்து பார்ப்போம். முடிந்தவுடன் போன் அடிக்கும். "முகுந்தன் செய்தது பிழையப்பா" என்பார். "அவன்ர மனிசிதான் பிழை" என்று அவன் பெண்சாதியைக் குறை சொல்லுவேன். அவர் போய் மூன்று வருஷம். சண்டை பிடிக்கவாவது எங்களுக்கு ஒரு நாடகம் வேண்டியிருந்தது.

ஒரு வகைப் படம் மட்டும் எனக்கு ஆகவே ஆகாது. காதலி விமான நிலையத்துக்குள் ஓடிப்போய், பிளேன் ஏறப் போகிறவனைத் தடுத்துவிடுவாள். கட்டுநாயக்காவில் டிக்கட் இல்லாமல் ஓடிப் பாருங்கள், தெரியும். றொகான் போன அன்று நான் கண்ணாடிக்கு வெளியில்தான் நின்றேன். கையைத் தூக்கிக் காட்டுவதற்குள் ஆள் சனத்துக்குள் மறைந்துவிட்டார். ஒருமுறை கை காட்டியிருக்கலாம் என்ற ஏக்கம் இன்னும் போகவில்லை.

இந்த வருஷம் விபூதிப் புதனன்று, உயிர்த்த ஞாயிறு வரைக்கும் தவக்கால ஒறுத்தலாக நாடகத்தை விட்டேன். எங்கள் தெருவில் ஒருவர் இறைச்சியை விடுவார், இன்னொருவர் சாராயத்தை விடுவார். எனக்கு விடக் கஷ்டமானது நாடகம்தான். அவர் சுகமாக வந்து சேரவேண்டும் என்று நேர்ந்து விட்டேன். மன்னார் ரவுணில் என்னோடு தையல் கடையில் வேலை செய்கிற றிப்காவுக்கும் அதே கிழமை றமழான் நோன்பு தொடங்கியது. அவளும் நாடகத்தை நிறுத்தினாள். பெருநாள் முடிந்து அவள் திரும்பப் பார்க்கத் தொடங்கியபோது, "கதையைப் பற்றி வாய் திறந்தியோ, இந்த ஊசியாலயே தைச்சுப் போடுவன்" என்று சொல்லி வைத்தேன்.

"நீ பார்க்காட்டி என்ன, நான் பார்த்துச் சொல்லுறன்," என்று நான் நேர்ந்த அன்றே சொல்லியிருந்தார் றொகான். பார்க்கமாட்டேன் என்றுதானே நேர்ந்தேன், கேட்கமாட்டேன் என்று இல்லையே. "ஓம், உங்கட வாயால மட்டும்," என்றேன்.

முதல் கிழமை வழமையான இழுவைதான். பிறகு அவருடைய போனில் கமரா பழுதாகி, குரல் மட்டும் வரத் தொடங்கியது. முகம் பார்க்காமல் படுக்க எனக்கு மனம் கேட்கவில்லை. ஆனால் கதை திடீரென்று அருமையாகிவிட்டது. முகுந்தனின் சொத்தைத் தம்பி பறித்துவிட்டானாம். முகுந்தன் பேரை மாற்றிக்கொண்டு வெளிநாடு போய்விட்டானாம். தகடு வெட்டுகிற மெசினில் கை மாட்டி, வலது கையில் இரண்டு விரல் போய்விட்டதாம். வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லையாம். செத்தவனே வேறு முகத்தோடு திரும்பி வருகிற நாடகத்தில் இதை நம்ப எனக்கு என்ன கஷ்டம்?

"டைரக்டரை மாத்திப் போட்டாங்கள் போல," என்றேன். "இப்பதான் மனிசர் மாதிரிக் கதைக்கினம். அவன் இடக்கையால சோறு அள்ளித் தின்னப் பழகிறான் எண்டு சொன்னீங்கள், நான் அழுதிட்டன்."

"அழுதனியோ?" என்று கேட்டார்.

பெரிய வியாழனன்று பின்னேரம் அவரே எடுத்தார். "முகுந்தன் ஊருக்கு வரலாமோ எண்டு யோசிக்கிறான். இந்தக் கையோட போய் என்ன தொழில் செய்யிறது, மனிசி என்ன சொல்லுவாள் எண்டு பயப்பிடுறான். நீ என்ன நினைக்கிறாய்?"

"வரக்கூடாது," என்றேன். "வந்தாக் கதை முடிஞ்சிடும். இன்னும் ஒரு வருஷம் அங்க கிடக்கட்டும்."

"சரி. பூசைக்கு நேரமாகுது, போ," என்றார்.

உயிர்த்த ஞாயிறு. பூசை கண்டு, கோழிக் கறியும் சோறும் சாப்பிட்டு, கதிரையை யன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, விட்ட நாடகத்தையெல்லாம் போனில் பார்க்க இருந்தேன். இரண்டாம் கிழமையே முகுந்தன் கார் அடிபட்டு நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான். பத்து விரலும் மோதிரங்களோடு போர்வைக்கு மேலே இருந்தன. தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கடைசி நாள் வரைக்கும் அவன் கண் திறக்கவில்லை. வெளிநாடு என்ற பேச்சே இல்லை.

முதலில் சிரித்தேன். பார்க்காமலே அவிழ்த்து விட்டிருக்கிறார் மனிதர் என்று நினைத்தேன். பிறகு அந்தக் கமரா நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றது. தைத்திருக்க வேண்டியது றிப்காவின் வாயை அல்ல, என் வாயை.

போன் எடுத்தேன்.

"முகுந்தனுக்கு ஒரு விசயம் சொல்லவேணும்."

"நாடகம் பார்த்திட்டியோ?" அவருடைய குரல் இறங்கிவிட்டது.

"பார்த்தன். அவன் ஆஸ்பத்திரியில கிடக்கிறான், கிடக்கட்டும். நான் மற்ற முகுந்தனுக்குச் சொல்லுறன். அண்டைக்கு நான் சொன்னது பிழை. அவனை வரச் சொல்லுங்கோ. கதை முடிஞ்சா முடியட்டும்."



"அவனுக்கு இனி வலை இழுக்க ஏலாது, டிலோ."

"நான் தைக்கிறன். அவன் பக்கத்தில இருந்து என்னோட சண்டை பிடிச்சாப் போதும். எனக்கு ஆள் வேணுமப்பா."

"மனிசி கட்டுநாயக்காவுக்கு வருவாளோ?"

"கண்ணாடிக்கு வெளியில நிப்பாள். உள்ள விடமாட்டாங்கள்."

பழுதாகியிருந்த கமரா திறந்தது. மெலிந்த முகம், சவரம் செய்யாத தாடை. அவர் வலது கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக் காட்டினார். நானும் கையைத் தூக்கினேன். இந்த முறை ஆள் மறையவில்லை.