ஆளுக்கு ஒரு பாட்டில்

புது வெந்நீர்ப் பையில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, மூடியை இறுகத் திருகி, அதைத் தலைகீழாகத் தொட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள் பிரிஸில்லா. ஒரு சொட்டுகூட விழவில்லை. மேடம் சொன்னபடி உள்ளங்கையால் அமுக்கியும் பார்த்தாள். பை உப்பி, மறுபடி பழையபடி ஆனது.

"லீக் ஆகலையே?" ஹாலிலிருந்தே கேட்டார் மேடம்.

"இல்லைங்க மேடம்."

"சோடா உப்பு போட்டு நல்லா கழுவி வையி. ரப்பர் வாசம் கொஞ்சம்கூட இருக்கக் கூடாது."

வெந்நீர்ப் பையில் ரப்பர் வாசம் இருந்தால் யாருக்கு என்ன? போர்வைக்குள் காலடியில் போட்டுக்கொள்கிற சாமானை யார் மோந்து பார்க்கப்போகிறார்கள்? மஞ்சூர் மலைக் குளிருக்குப் பங்களாவில் ஆளுக்கொரு பை ஏற்கெனவே இருக்கிறது. மே மாதத்தில் புதிதாக ஒன்று வாங்கி வந்து அதற்கு இத்தனை சீராட்டு எதற்கு என்று பிரிஸில்லாவுக்குப் பிடிபடவில்லை. காரணம் சொல்லாமல் மேடம் ஏவுகிற வேலை கடைசியில் தன் தலையில்தான் வந்து விடியும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

அந்த வாரம் முழுக்க மேடம் ஒரு மாதிரியாகத்தான் இருந்தார். குழம்பில் உப்பு கூடிப்போன அன்றுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு முந்தின நாள்தான் கப்பல் பேச்சை எடுத்திருந்தார். மேடத்துக்கும் ஐயாவுக்கும் கல்யாண நாள் வருகிறது. சென்னையிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் குடும்பத்தோடு போகிறார்கள். பெங்களூரிலிருந்து மகளும் மருமகனும் குழந்தை கனிஷ்காவோடு வருகிறார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

"நீயே வந்துடு பிரிஸில்லா. உன் பையன் அந்தக் கப்பல்லதானே இருக்கான்? அவனையும் பார்த்த மாதிரி ஆச்சு."

பிராங்ளின் அந்தக் கப்பலின் சமையல்கட்டில் அண்டா குண்டான் தேய்க்கப் போனவன் கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை, ஈஸ்டருக்கும் வரவில்லை. எப்போதாவது போன் பேசுவான். முகத்தைக் காட்டுடா என்றால் நெட் சரியில்லை என்பான். சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, யாராவது கை நீட்டுகிறார்களா, ஒன்றும் தெரியாது. பெற்ற வயிறு சும்மா இருக்குமா? அவனை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்றுதான் அவள் ஒவ்வொரு ஞாயிறும் கோவிலில் முட்டி போட்டாள்.

ஆனால் பங்களாவைப் பெருக்கித் துடைக்கும் மூக்கம்மா விஷயத்தைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினாள். "அத்தனை தூரம் சும்மா கூட்டிட்டுப் போவாகளாக்கா? என்னமோ இருக்கு."

என்னவோ இருந்ததுதான். பை கழுவிக் காய்ந்த அன்று சாயங்காலம் மேடம் சமையல்கட்டுக்கே வந்தார். பின்னால் ஐயா இரண்டு கைகளிலும் ஒயின் பாட்டில்களோடு நின்றார்.

"அந்தக் கப்பல்ல ரூல் இருக்கு. ஏர்றப்ப ஆளுக்கு ஒரு பாட்டில் ஒயின் சொந்தமா கொண்டு போகலாம். உள்ளே வாங்கினா அநியாய விலை, அதுவும் நல்லாவே இருக்காது. மருமகன் பிரான்சுலேர்ந்து கொண்டு வந்தது இது. நீயும் ஒரு ஆள்தானே? உன் கணக்குல ஒண்ணை எடுத்துக்க."

"நான் குடிக்க மாட்டனுங்களே மேடம்."

"நீ குடிக்கவா சொல்றேன்? கையில வெச்சுக்கிட்டு ஏறினாப் போதும். அப்புறம் இந்தப் பை. ரெண்டு பாட்டில் ஒயின் இதுல தாராளமா பிடிக்கும். உன் பெட்டியில துணிக்கு நடுவுல வெச்சுக்க. கேட்டா, கொழந்தைக்கு வயித்து வலி வந்தா ஒத்தடம் குடுக்கன்னு சொல்லிடு."

சோடா உப்பு எதற்கென்று பிரிஸில்லாவுக்கு அப்போது விளங்கியது. தலையை மட்டும் ஆட்டி வைத்தாள்.

ஃபேக்டரி ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் சிக்னல் கிடைக்காது. தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறிப் போய், ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு மகனுக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். எடுத்தான். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம்.

"சாமி, நான் உன் கப்பலுக்கு வரப்போறேன்" என்று ஆரம்பித்தவள், பாட்டில் விஷயத்தையும் பை விஷயத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

பிராங்ளின் குரலைத் தணித்துக்கொண்டு பேசினான். "பாட்டிலு கையில எடுத்துட்டு வாம்மா, அது ரூல்ல இருக்குது. ஒளிச்செல்லாம் வேண்டாம். பயணிகளை ஒண்ணும் பண்ண மாட்டாங்க, சிரிச்சுட்டு அனுப்பிருவாங்க. எங்க ஊட்டு ஆளுக மாட்டினா எங்களத்தான் மொதல்ல எறக்கி உடுவாங்க."

"அப்ப நான் வர முடியாதே கண்ணு."

"எனக்கும் உன்னைப் பாக்கோணும்னுதாம்மா இருக்குது" என்றான். யாரோ அவனை அதட்டிக் கூப்பிட்டார்கள். போன் அணைந்தது.

வீட்டில் அவள் கணவர் பவுல்ராஜ் வேலை விட்டு வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐயாவின் தேயிலை ஃபேக்டரியில்தான் அவருக்கு வேலை. இருக்கும் லைன் வீடும் ஃபேக்டரி கொடுத்தது. பிரிஸில்லா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, துண்டால் காலைத் துடைத்தபடியே இருந்தார்.

"ஏனுங்க, முடியாதுன்னு சொல்லிரட்டுங்களா?"

"சொல்லலாம் அம்மிணி. சொன்னா மனசுக்குள்ள வெச்சுக்குவாங்களே. ஊட்டைக் காலி பண்ணுன்னு நின்னா எங்க போறது?"

"பையன் பொழப்பு போயிருமேங்க."

"அப்ப சொல்லிரு" என்றார். சொல்லிவிட்டு அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் காபியை வைத்துவிட்டு பிரிஸில்லா சொன்னாள். பாட்டிலை எடுத்துக்கொள்கிறேன், பை மட்டும் வேண்டாம் என்று. ஏன் என்று கேட்டதற்கு, மகனுக்குப் பிரச்சினை வரும் என்கிறான் என்று உள்ளதைச் சொன்னாள். மேடம் கோபப்படவில்லை. சிரித்தார். "பரவாயில்ல பிரிஸில்லா. உன் இஷ்டம்."

அடுத்த நாள் மூக்கம்மா காலில் புதுச் செருப்பு இருந்தது. கப்பலுக்கு அவளைக் கூட்டிப்போவதற்காக மேடம் வாங்கிக் கொடுத்தது.

பிரிஸில்லாவுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? தான் பெற்ற பிள்ளையைப் பார்க்க அவள் போகிறாள். ஆனாலும் பேக்கரியில் வர்க்கி பிஸ்கட் வாங்கி, பொட்டலத்தை இறுகக் கட்டி மூக்கம்மாவிடம் கொடுத்தாள். "கண்ணுல பட்டா குடு. மெலிஞ்சிருக்கானான்னு பார்த்துட்டு வந்து சொல்லு." மூக்கம்மா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றாள்.

கப்பலுக்குப் போனவர்கள் திரும்பி வந்த அன்று மேடம் நல்ல குஷியில் இருந்தார். எல்லாம் சூப்பர் என்றார். பிராங்ளினைப் பார்த்தீர்களா என்று பிரிஸில்லா கேட்டதற்கு, "அவ்வளவு கூட்டத்துல எங்கே பார்க்கிறது" என்றார். மூக்கம்மா அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. சமையல்கட்டு வழியாக வருகிறவள் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனாள். பிரிஸில்லாவுக்குச் சந்தேகம் தட்டியது. மகனுக்குப் போன் போட்டாள், அணைத்து வைத்திருந்தது. மத்தியானம் துணி காயப்போடும் இடத்தில் மூக்கம்மாவை மடக்கினாள்.

"என்னடி, ஒளிஞ்சு ஒளிஞ்சு போறே?"

மூக்கம்மா ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "மாட்டிக்கிட்டோம்க்கா. சென்னையில அனல் காத்து. ஏசிக்குள்ள நின்னாலும் வேர்த்து ஊத்துது. பெட்டியைத் தொறந்து பார்த்த கப்பல்காரப் பொண்ணு அந்தப் பையை எடுத்து, இந்த வெயில்ல வெந்நீர்ப் பையான்னு சிரிச்சுச்சு. நமக்கு இங்கே குளிருலேயே கெடந்து அது தோணவே இல்ல பாரு. மேடத்துக்கும் தோணல. மூடியைத் தொறந்து மோந்து பார்த்துட்டா."

"அப்புறம்?"

"பெரிய ஆபீசர் வந்தாரு. மேடம் அவருகிட்ட, எங்க சமையக்காரி மகன் உங்க கப்பல்லதான் இருக்கான், அவன் கொண்டு வரலாம்னு சொன்னான்னு சொல்லிப்பிட்டாக. பேரையும் சொன்னாக. அவரு அதை ரேடியோவுல யாருக்கோ சொன்னாரு. ஒயினைக் கொட்டிட்டு, எங்களுக்கெல்லாம் மாலை போட்டு உள்ள விட்டுட்டாக." மடியிலிருந்து வர்க்கிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "உன் மகனைப் பார்க்கவே முடியலக்கா."

பொட்டலத்தைப் பிரிஸில்லா வாங்கவில்லை. "பேரைச் சொன்னது அவங்களா, நீயா?"

"என் புள்ளைக மேல சத்தியமா நான் இல்லக்கா."

சத்தியம் செய்கிறவளை எப்படி நம்புவது? தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு போனவள். பயத்தில் உளறிவிட்டு மேடத்தின் மேல் பழி போடுகிறாளோ? மேடம் அப்படிச் செய்வாரா? செய்வார் என்றும் தோன்றியது, செய்யமாட்டார் என்றும் தோன்றியது. அன்று அவள் வைத்த ரசம் வாயில் வைக்க விளங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் மஞ்சூர் பஸ்ஸிலிருந்து பிராங்ளின் இறங்கினான். தோளில் கப்பல் பெயர் போட்ட பை. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தான். விரல் கணுக்களில் சோப்பு மருந்து தின்று தோல் உரிந்திருந்தது. பிரிஸில்லா ஓடிப்போய் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். அவன் கையை விலக்கிவிட்டு வீட்டுக்குள் போனான்.

சோற்றைப் போட்டு வைத்தாள். அவன் தொடவில்லை.

"நீதானே என் பேரைச் சொன்னே?"

"என்ன சாமி சொல்றே?"

"பயணிகளுக்கு ஐடியா குடுத்தியாமேன்னு கூப்பிட்டுக் கேட்டாங்க. நான் இல்லைன்னு சொன்னேன். உங்கம்மா மொதலாளிதானே சொல்றாங்கன்னாங்க. அடுத்த தடவை கரை சேந்ததும் எறக்கி உட்டுட்டாங்க. இனி எந்தக் கப்பல்லயும் இடம் வாங்கித் தர முடியாதுன்னு ஏஜென்ட் சொல்லிட்டான். நான் கொண்டு வாங்கன்னு சொன்னதா நீதானே மேடத்துகிட்டச் சொன்னே? அவங்களுக்கு நல்லவளாகோணும்னு."

"மாதாவே சாட்சி கண்ணு. நீ வேண்டாம்னதைத்தான் சொன்னேன்."

பிராங்ளின் அவளை உற்றுப் பார்த்தான். நம்பவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தான் மூக்கம்மாவைப் பார்த்த அதே பார்வை. பவுல்ராஜ் எழுந்து வெளியே போனார்.

திங்கட்கிழமை அவள் மேடத்திடம் நேராகவே போய் நின்றாள். "பையனுக்கு வேலை போயிருச்சுங்க மேடம். அந்தப் பை விஷயத்துலதான் எடுத்துட்டாங்கன்னு சொல்றான்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு பை ஒயினுக்கா வேலைய விட்டு எடுப்பாங்க? வேற ஏதாவது பண்ணியிருப்பான் பிரிஸில்லா. வயசுப் பசங்க வீட்டுல சொல்ல மாட்டாங்க. நல்லா கேட்டுப் பாரு."

பிரிஸில்லா திரும்பி வந்து வெங்காயம் உரித்தாள். உரிக்க உரிக்க அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்தது. வேறு ஏதாவது செய்திருப்பானோ? ஏன் முகத்தைக் காட்டவே இல்லை? அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவன் பையைத் திறந்து துணிகளை விலக்கிக்கூடப் பார்த்துவிட்டாள். இரண்டு பேன்ட்டும், கிழிந்த ஏப்ரனும், தோலுக்குப் போடும் களிம்பும் இருந்தன. அதையெல்லாம் பழையபடி அடுக்கி வைத்துவிட்டு, தன்னைத் தானே வாய்க்குள் திட்டிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பங்களாவில் விருந்து. எஸ்டேட்காரர்கள் ஏழெட்டு ஜோடி. பாத்திரம் கழுவ ஆள் பற்றாது, உன் மகன் சும்மாதானே இருக்கான், வரச் சொல் என்று மேடம் சொல்லியிருந்தார். பவுல்ராஜின் வேலையும் வீடும் இருக்கிறதே. பிராங்ளின் மறுபேச்சு பேசாமல் வந்தான். பின்கட்டுத் தொட்டியில் முழங்கைவரை கையை விட்டுக்கொண்டு நின்றான். அம்மாவிடம் மட்டும் பேசவில்லை.

பிரிஸில்லா கறித் தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குள் போனபோது மேடம் கப்பல் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். வெந்நீர்ப் பை என்றதுமே எல்லோரும் சிரித்தார்கள். சென்னை வெயிலில் வெந்நீர்ப் பை என்றதும் ஒருவருக்குப் புரையேறியது.

"அப்படியே ஷாக் ஆகி நிக்கிறேன். இவர் என்னடான்னா கூரையைப் பார்க்கிறார். டக்குன்னு ஒரு ஐடியா. எங்க சமையல்காரம்மா பையன் அங்கே கிச்சன்ல இருக்கான். அவன்தான் சொன்னான்னு போட்டு விட்டேன். ஒரே வார்த்தை. அந்த ஆபீசர் சாரி மேடம், சாரி மேடம்னு என் பெட்டியைத் தானே மூடிக் குடுத்தான்."

சமையல்கட்டுக் கதவு திறந்திருந்தது. பிராங்ளினுக்குக் கேட்கக் கூடாது என்று பிரிஸில்லா கையை நீட்டி அதைச் சாத்தப்போனாள். பிறகு சாத்தவில்லை. இன்னும் அகலமாகத் தள்ளி வைத்தாள். பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. கேட்கட்டும், நல்லாக் கேட்கட்டும் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"யாரு அந்த ஹீரோ?" என்று கேட்டார் புரையேறியவர்.

"அவன் பேரு... அன்னைக்கு டக்குன்னு வாயில வந்துச்சு." மேடம் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "பிரிஸில்லா, உன் பையன் பேரு என்ன?"

பிரிஸில்லா தட்டைப் பிடித்தபடியே நின்றாள்.

"பிராங்ளினுங்க மேடம்" என்று கதவருகிலிருந்து குரல் வந்தது. கையில் நுரை சொட்ட அவன் நின்றிருந்தான். மேடத்தைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓ, இங்கேயே இருக்கானே" என்று யாரோ கைதட்டினார்கள். எல்லோருமாகச் சேர்ந்து அவன் பெயரைச் சொல்லி கிளாஸை உயர்த்திக் குடித்தார்கள். காலி கிளாஸ்களை எடுத்துப் போகும்படி மேடம் அவனுக்குக் கண்ணைக் காட்டினார்.