மழித்த மார்பு

குழந்தையை மார்பில் போட வேண்டும் என்று நர்ஸ் சொன்ன அன்று மாலையே பாலிஷ்காரன் தன் மார்பை மழித்துக்கொண்டான்.

யாரும் சொல்லவில்லை. அவனுக்கே தோன்றியது. மேசையோ கதவோ எதுவானாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பான். கண்ணை மூடி உள்ளங்கையால் தடவிப் பார்ப்பான். எங்கும் தட்டவில்லை என்றால்தான் பாலிஷைத் தொடுவான். இது குழந்தையின் கன்னம் படப்போகிற இடம். சொரசொரப்பாக விட்டுவைக்க மனம் வரவில்லை. புது பிளேடால் கழுத்திலிருந்து தொப்புள் வரை வழித்தான். கண்ணை மூடித் தடவினான். எங்கும் தட்டவில்லை.

பெண் குழந்தை. மாதம் நிறையாமல் பிறந்தது. நர்ஸ் அதற்குச் சுண்டு என்று பெயர் வைத்திருந்தார். அறுவை முடிந்த தாய்க்குக் காய்ச்சல். மேல்மாடியில் படுத்திருந்தாள். அவளுடைய பால் மட்டும் சின்னக் குப்பியில் கீழே வந்தது. மகளை அவள் இன்னும் தொடவில்லை.

"கண்ணாடிப் பெட்டி இன்னொரு குழந்தைக்கு வேணும். இவ மூச்சு நல்லா இருக்கு. இனிமே மனுஷச் சூடுதான்" என்றார் டாக்டர். "நெஞ்சுல சூடு நின்னா இங்கயே இருக்கட்டும். நிக்கலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

பெரிய ஆஸ்பத்திரி வேறு ஊரில் இருந்தது. தாய் எழுந்து போகிற நிலையில் இல்லை.

முதல் நாள் நன்றாகப் போனது. சாய்வு நாற்காலி. சாத்திய ஜன்னல். நிறுத்திய மின்விசிறி. தலையில் குல்லாயும் இடுப்பில் துணியுமாக இருந்த சுண்டுவை நர்ஸ் அவன் மார்பில் தவளை மாதிரி ஒட்டவைத்தார். முகத்தை ஒரு பக்கம் திருப்பினார். இருவரையும் சேர்த்து அகலத் துணியால் கட்டினார்.

பாலிஷ்காரன் அசையவில்லை.

"மூச்சு விடுங்க சார்" என்றார் நர்ஸ். "நீங்க விட்டாத்தான் அவளுக்கும் ஞாபகம் வரும்."

விட்டான். அவளும் விட்டாள். சூடு நின்றது.

மாலையில் மேலே போய் மனைவியிடம் சொன்னான். "என் நெஞ்சுலயே தூங்கிட்டா."

"கொடுத்துவச்சவரு" என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு திரும்பாமலேயே கேட்டாள். "மூக்கு யாரு மாதிரி?"

"உங்க அண்ணன் மாதிரி."

"அய்யோ" என்றாள்.

மறுநாள் சுண்டு நெளிந்தாள். முகத்தை இங்கும் அங்கும் திருப்பினாள். நூல்போல மெல்லிய குரலில் அழுதாள். எடுத்து மறுபடி போட்டார்கள். மறுபடி அழுதாள். கன்னத்தில் சிவப்புப் புள்ளிகள்.

நர்ஸ் குனிந்து பார்த்தார். "என்ன சார் இது, முள்ளு?"

"மழிச்சேன் சிஸ்டர்."

"எதுக்கு?"

"வழவழன்னு இருக்கட்டும்னு."

நர்ஸ் இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். பாலிஷ்காரன் தன் மார்பைத் தடவிப் பார்த்தான். கண்ணை மூட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எண்பதாம் நம்பர் உப்புத்தாள் மாதிரிச் சொரசொரத்தது.

பிறகு நர்ஸ் குழந்தையின் கக்கத்தில் வைத்திருந்த தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இறங்குது."

"நடுவுல துணி போட்டுக்கட்டுமா?"

"துணி போட்டா அது துணிச் சூடு சார். உங்களுக்கு முடி வளர்ந்து மெத்துனு ஆக நாளாகும். அதுவரைக்கும் இவ தாங்க மாட்டா. வேற யாரு இருக்கீங்க?"

வெளியே நடையில் மச்சான் இருந்தார். மனைவியின் அண்ணன். லாரி ஓட்டுகிறவர். லோடு இறக்கிவிட்டு நேரே வந்திருந்தார். அவர் மெல்லப் பேசினால் மாடி வரை கேட்கும். சட்டையின் மேல் பட்டன் எப்போதும் திறந்திருக்கும், அதன் வழியாக மார்முடி கறுப்புப் புதராக வெளியே எட்டிப் பார்க்கும். கல்யாணமான புதிதில் பாலிஷ்காரன் அவரைக் கரடி என்று ஒரு நண்பனிடம் சொல்லப்போய், அது அவர் காதுக்கே எட்டியிருந்தது.

"மச்சான், ஒரு உதவி."

"ரத்தமா? எடுத்துக்கச் சொல்லு மாப்ள."

"ரத்தம் இல்ல. நெஞ்சு."

விஷயம் கேட்டதும் மச்சான் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "பத்துச் சக்கர வண்டிய சந்துக்குள்ள ரிவர்ஸ்ல விடச் சொல்லு, விடறேன். இது நம்மால ஆகாது. என் கை பட்டா கசங்கிடும்."

"கை படவே வேணாம்" என்றார் பின்னால் வந்த நர்ஸ். "சட்டையக் கழட்டுங்க."

கழற்றினார்.

"அடேயப்பா!"

"பாரு மாப்ள, சிஸ்டரே மிரண்டுட்டாங்க."

"மிரளல. மெத்தை தயாரா இருக்கேன்னு பாத்தேன். இருமல், சளி, சொறி ஏதாவது உண்டா?"

"இல்ல."

"சிகரெட்?"

"பேசுவேன் சிஸ்டர். அது ஒண்ணுதான் கெட்ட பழக்கம்."

"இதுக்குப் பேரு கங்காரு முறை. போய்க் குளிச்சிட்டு வாங்க. வாசனை சோப்பு கூடாது."

தலை துவட்டிக்கொண்டு வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "கங்காருவுக்குப் பை உண்டு. எனக்குத் தொப்பைதான் உண்டு."

"நல்லதுதான். கால் வைக்க இடமாச்சு."

நர்ஸ் சுண்டுவை அவர் மார்பில் வைத்தார். அவள் மூக்கை அந்தக் காட்டுக்குள் ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் ஆட்டினாள். ஒரு கை விரிந்தது. ஒரு கொத்து முடியைப் பிடித்துக்கொண்டு மூடியது. அழுகை நின்றது.

"இழுக்குறா மாப்ள" என்று மச்சான் கிசுகிசுத்தார். அடுத்த நாற்காலியில் தன் குழந்தையை மார்பில் கட்டியிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பேசலாமா சிஸ்டர்?"

"மெதுவாப் பேசுங்க. நெஞ்சு அதிர்ந்தா அவளுக்குப் பிடிக்கும்."

மச்சானுக்குக் குழந்தையிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. வழியைப் பேசினார்.

"இப்ப பாலம் வருது கண்ணு. பாலத்துல அவசரப்படக் கூடாது. இந்தா, முன்னாடி ஒருத்தன் கரும்பு ஏத்திட்டுப் போறான். போகட்டும். நாம ஒதுங்கிப்போம். இடது பக்கம் டீக்கடை. நீ குடிக்க மாட்டே. அப்புறம் ஒரு வளைவு…"

மூன்றாவது வளைவுக்கு முன் அவள் தூங்கிவிட்டாள்.

பாலிஷ்காரன் பக்கத்து ஸ்டூலில் சட்டையை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நர்ஸ் தெர்மாமீட்டரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவன் தெர்மாமீட்டரைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தான்.

"ஏறுது" என்றார்.

அவன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். "சூடு நின்னுடுச்சு. எங்கயும் அனுப்ப வேணாம்." நாற்காலியில் இருந்த உருவத்தைப் பார்த்தார். "இவர் யாரு?"

"தாய்மாமன்" என்று மச்சானே சொன்னார். தூங்குகிறவளை எழுப்பாமல் எவ்வளவு நிமிர முடியுமோ அவ்வளவு நிமிர்ந்தார்.

டாக்டர் போன பிறகு பாலிஷ்காரன் சொன்னான். "சிரிக்காதீங்க மச்சான்."

"எங்க சிரிச்சேன்? சிரிச்சா இவ முழிச்சுப்பா. வெளிய வந்து மொத்தமாச் சிரிக்கிறேன்."

அவர் ஊருக்குத் திரும்பவில்லை. முதலாளி போன் செய்து வண்டி எங்கே என்று கேட்டார். "வண்டி காலி முதலாளி. லோடு என் மேல இருக்கு. தூங்குது" என்றார். குளிப்பதும் சாப்பிடுவதும் நாற்காலியில் சாய்வதுமாக இருந்தார். கை வலித்தால் பாலிஷ்காரனைக் கூப்பிட்டுத் துணியைப் பிடிக்கச் சொன்னார். குழந்தையைப் பிடிக்கச் சொல்லவில்லை.

"என் பொண்ணு மச்சான்."

"இருக்கட்டும். முதல்ல முடி வளத்துட்டு வா."

மேலே காய்ச்சல் விட்டது. ஒரு காலையில் நர்ஸ் தாயைச் சக்கர நாற்காலியில் கீழே கூட்டிவந்தார். அறைக்குள் வந்ததும் அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் மார்பில், துணிக்கட்டுக்கு மேல், ஒரு குல்லாயைப் பார்த்தாள். கை நீட்டினாள்.

"குடுண்ணா."

"இப்பதாம்மா தூங்குனா. ஒரு அரை மணி…"

"குடுன்னா குடு."

"உங்க தங்கச்சி விட மாட்டாங்க சார்" என்று நர்ஸ் கட்டை அவிழ்த்தார். சுண்டுவின் பிடியைத்தான் அவிழ்க்க முடியவில்லை. விரல் விரலாகப் பிரித்தார்கள். மச்சானின் கண்ணில் நீர் நின்றது.

"என்ன மச்சான்?"

"முடியப் பிடிச்சு இழுத்தா வலிக்காதா? நீ ஒரு ஆளு, கேக்க வந்துட்ட."

சுண்டு தாயின் மார்புக்குப் போனாள். மூக்கை ஆட்டினாள். முடி இல்லை. ஒரு கணம் நின்றாள். பிறகு தலையைத் தானே கீழே இழுத்துக்கொண்டு போய், வாயைத் திறந்தாள்.

தாய் நிமிரவில்லை. குல்லாய்க்கு மேல் தன் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். பிறகு பின்கழுத்தில். பிறகு ஒவ்வொரு பாதத்தையும் உள்ளங்கையில் பொத்திப் பார்த்தாள்.

"எவ்வளவு சூடா இருக்கா" என்றாள்.

பிறகு வாசலைப் பார்த்தாள்.

"கதவு திறந்திருக்கு பாருங்க. காத்து வருது."

அப்பனும் மாமனும் ஒரே சமயத்தில் எழுந்து கதவைச் சாத்தப் போனார்கள்.